ஆலை ஃபெர்குசனுக்கு உதிரி தேடுதல்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோவைக்கு வெளியே, மூடிப் பல ஆண்டுகளான ஒரு நூற்பாலையின் பஞ்சு குடோனில் கிடந்த ஃபெர்குசன் டிராக்டர் இது. ஏர் பூட்டிய வண்டி அல்ல. பொதி ஏற்றிய டிரெய்லரை ஆலை வளாகத்துக்குள் இழுக்கவும், அவ்வப்போது ரோட்டில் ஏறி கூட்ஸ் ஷெட் வரை போய்வரவும் வாங்கியது. ஆலைக் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்கு அதை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசை. எங்கள் பட்டறைக்கு வந்தபோது இன்ஜின் இறுகிக் கிடந்தது. ஒயரிங்கை எலி தின்றிருந்தது. டேஷ்போர்டில் இருக்க வேண்டிய எண் தகடு இல்லை. வலப்பக்க பிரேக் கம்பிகளில் பாதியைக் காணோம்.

பழைய டிராக்டர் என்றால் இன்ஜினுக்குத்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். இந்த வண்டியில் இன்ஜின் சாமான் சீக்கிரமே கிடைத்துவிட்டது. உயிரை எடுத்தது பிரேக் லீவர், கால் ஆக்சிலரேட்டர், முன் பம்பர் போன்ற சில்லறைச் சாமான்கள். காரணம் எளிது. இன்ஜினும் கியர்பாக்ஸும் லட்சக்கணக்கான வண்டிகளுக்குப் பொது. அந்தச் சில்லறைகளோ ஆலை வண்டிக்கு மட்டும் செய்தவை. ஆகவே தேடல் இரண்டு தனித்தனி வேலைகளாகப் பிரிந்தது: பொதுவானதை, அதைச் செய்த கம்பெனியின் பெயரால் தேடுவது, ஆலைக்கே உரியதை, அளவு தேடி நாமே செய்வது. இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லாவற்றையும் "ஃபெர்குசன் டிராக்டர் பார்ட்ஸ்" என்று கேட்டு அலைபவர்கள்தான் பாதி வழியில் விட்டுவிடுகிறார்கள்.

வண்டி எது என்று கண்டுபிடித்தது

டி.இ.-20 வரிசை ஃபெர்குசன் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில், பேனர் லேன் தொழிற்சாலையில் உருவானது. வடிவமைப்பும் விற்பனையும் ஹாரி ஃபெர்குசனின் கம்பெனி. தயாரித்தது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. மொத்தம் 5,17,000-க்கும் மேல். எழுத்துகளில் 'டி' டிராக்டருக்கு, 'இ' இங்கிலாந்துக்கு. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1948 முதல் ஃபெர்குசன் செய்தது டி.ஓ.-20. மூன்றாவதாக வரும் எழுத்துதான் வண்டியின் ஜாதகம். டி.இ.ஏ. என்றால் ஸ்டாண்டர்டு பெட்ரோல் இன்ஜின், டி.இ.டி. (TED) மண்ணெண்ணெய் வகையான டிராக்டர் ஆயில், டி.இ.எஃப். டீசல். குறுகலான வண்டிக்கும் திராட்சைத் தோட்ட வண்டிக்கும் வேறு வேறு எழுத்துகள். 1952-ஐ ஒட்டி ஆலை வண்டிகளுக்கென்று தனியாக நான்கு எழுத்துகள் வந்தன: பெட்ரோலுக்கு 'பி' (P), டிராக்டர் ஆயிலுக்கு 'ஆர்' (R), விளக்கு எரிக்கும் சாதா மண்ணெண்ணெய்க்கு 'எஸ்' (S), டீசலுக்கு 'டி' (T).

ஆலை வண்டியில் என்ன வித்தியாசம்? ரோட்டில் போக வேண்டியது என்பதால் விளக்கு, ஹாரன், முன்னும் பின்னும் மட்கார்டு, முன் பம்பர், கை லீவரோடு கூடுதலாகக் கால் ஆக்சிலரேட்டர், கால் பிரேக்கும் கை பிரேக்கும் தனித்தனியாக இயங்கும் இரட்டை பிரேக். மற்றபடி உள்ளே இருப்பது உழவு வண்டியின் அதே முதுகெலும்புதான்.

எண் தகடு இல்லாத வண்டியில் இந்த எழுத்தை எப்படிப் படிப்பது? உடம்பிலிருந்துதான். இன்ஜினின் தலையைக் கழற்றியதும் ஈர லைனர் (வெளிப்பக்கம் நேராகத் தண்ணீர் படும் சிலிண்டர் உறை) தெரிந்தது. இது ஸ்டாண்டர்டு இன்ஜின்; ஆரம்ப கால வண்டிகளில் இருந்த அமெரிக்க கான்டினென்டல் அல்ல. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 85 மில்லிமீட்டர். முதலில் 80 மில்லிமீட்டர் போரும் 92 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்டு 1850 சி.சி.யாக இருந்த இன்ஜின், 1951-இல்தான் 85-க்குப் போய் 2088 சி.சி. ஆனது. எனவே வண்டி அதற்குப் பிந்தியது. பெட்ரோல் டேங்கைத் திறந்தால் நடுவில் தடுப்பு: பெரிய அறை மண்ணெண்ணெய்க்கு, சின்ன அறை ஸ்டார்ட் செய்யும்போது ஊற்றும் பெட்ரோலுக்கு. மேனிஃபோல்டும் எரிபொருளைச் சூடாக்கி ஆவியாக்கும் கனமான வகை. ஆக மண்ணெண்ணெய் வண்டி.

ஆண்டைச் சொன்னது லூகாஸ். பழைய லூகாஸ் மின் சாமான்களின் உடம்பில் செய்த மாதமும் வருடமும் சின்ன எண்களாக அடித்திருக்கும். செல்ஃப் மோட்டாரைத் துடைத்துப் பார்த்தால் 53-ஆம் வருடம். டிஸ்ட்ரிபியூட்டரிலும் 53, மாதமும் பக்கத்தில். டைனமோவில் மட்டும் நான்கு வருடம் தள்ளிய தேதி. அது பிற்பாடு மாற்றியது. இரண்டு சாமான்கள் ஒரே காலத்தைச் சொன்னால் அவை வண்டியோடு பிறந்தவை என்று நம்பலாம். ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

மிச்சமிருந்த கேள்வி, இது தொழிற்சாலையிலேயே ஆலை வண்டியாகப் பிறந்ததா, அல்லது உழவு வண்டிக்குப் பிற்பாடு பம்பரும் பிரேக்கும் மாட்டினார்களா என்பது. அதற்குத் தடயம் துளைகள். முன் அச்சைத் தாங்கும் வார்ப்பிலும் கால் மிதிக்கு அருகிலும் இருந்த கூடுதல் துளைகள் மெஷினில் நேராகப் போட்டவை. மரைக்குள் பழைய சாம்பல் பெயின்ட் படிந்திருந்தது. பட்டறையில் கை ட்ரில் வைத்துப் போட்ட துளை அப்படி இருக்காது. 1953, மண்ணெண்ணெய், ஆலை. டி.இ.ஆர்.-20 ஆக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டோம். டிராக்டர் ஆயிலா, சாதா மண்ணெண்ணெயா என்ற கடைசி நுணுக்கத்தை இந்த வண்டியை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை.

வருடத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டது பெருமைக்காக அல்ல. பார்ட்ஸ் லிஸ்டில் பாதிச் சாமானுக்கு "இந்த எண் வரை" "இந்த எண்ணிலிருந்து" என்று இரண்டு வரி இருக்கும். வருடம் தெரியாவிட்டால் இரண்டில் ஒன்றைக் குருட்டுத்தனமாகத்தான் வாங்க வேண்டும்.

எந்தப் புத்தகம், எந்த எண்

புத்தகம் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் மூன்று தனிப் புத்தகங்கள். ஓட்டுபவருக்கான கையேடு ஆயில், கிரீஸ், அட்ஜஸ்ட்மென்ட் சொல்லும். சர்வீஸ் மேனுவல் கழற்றி மாட்டும் முறையையும் இடைவெளி அளவுகளையும் சொல்லும். பார்ட்ஸ் லிஸ்ட் படம் போட்டு எண் கொடுக்கும். மறுசீரமைப்புக்கு முதலில் வாங்க வேண்டியது மூன்றாவது. பலரும் சர்வீஸ் மேனுவலை வாங்கிவிட்டு, எந்தப் பக்கத்தில் எத்தனை வாஷர் வரும் என்று தெரியாமல் முழிக்கிறார்கள். பிரித்துப் போட்ட படம் பார்ட்ஸ் லிஸ்டில்தான் முழுமையாக இருக்கும். எந்தச் சாமான் காணாமல் போயிருக்கிறது என்பதே அந்தப் படத்தோடு வண்டியை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும் அமெரிக்க ரிப்பேர் புத்தகங்களில் ஒரு பொறி இருக்கிறது. அவை டி.ஓ.-20 வண்டிக்கு எழுதியவை. அந்த வண்டியில் கான்டினென்டல் இன்ஜின். கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் பகுதிகளுக்கு அந்தப் புத்தகம் கைகொடுக்கும். ஸ்டாண்டர்டு இன்ஜினின் போல்ட்டை இறுக்கும் விசை (டார்க்), வால்வு இடைவெளி போன்ற எந்த அளவையும் அதிலிருந்து எடுக்கக்கூடாது. அட்டையில் "ஃபெர்குசன் 20" என்று பெரிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறுவது எளிது.

எண்களின் வம்சாவளியும் தெரிந்திருக்க வேண்டும். மாஸி-ஹாரிஸும் ஃபெர்குசனும் 1953-இல் இணைந்தன. 1957 கடைசியில் பெயர் மாஸி ஃபெர்குசன் ஆனது. பழைய ஃபெர்குசன் எண்கள் பிற்பாடு மாஸி எண்களாக மாறின. மாஸி எண்ணின் வாலைப் படிக்கப் பழகினால் கடைக்காரரிடம் பேசுவது சுலபம். 'எம்1' என்று முடிந்தால் தனிச் சாமான், 'எம்91' என்றால் சேர்த்துக் கட்டிய அசெம்ப்ளி. 'எம்2', 'எம்92' என்று வந்தால் முந்தியதைத் திருத்தி வெளியிட்ட அடுத்த வடிவம். பழைய எண்ணைச் சொன்னால் "இல்லை" என்பவரே புதிய எண்ணைச் சொன்னால் பரணில் இருந்து எடுத்துத் தருவார்.

இங்கிலாந்தில் இந்த வண்டிகளுக்கென்றே 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் ஃபெர்குசன் ஹெரிட்டேஜ்' போன்ற சங்கங்கள் இருக்கின்றன. ரெடிங் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலேய ஊரக வாழ்வு அருங்காட்சியகம் விவசாய எந்திரக் கம்பெனிகளின் ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு எழுதும்போது "என் டிராக்டர் பற்றித் தகவல் வேண்டும்" என்று கேட்டால் வாழ்த்துதான் பதிலாக வரும். "இரட்டை பிரேக்கின் குறுக்கு ஷாஃப்ட், அதன் இரண்டு பிராக்கெட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் யாராவது ஒருவர் டேப் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போவார். ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி, கூடவே படத்தில் அம்புக்குறி. இப்படிக் கேட்டபோதுதான் எங்களுக்கு வேலை நடந்தது.

இன்ஜின்: வான்கார்டு என்று கேளுங்கள்

ஃபெர்குசனுக்கு ஸ்டாண்டர்டு கம்பெனி கொடுத்த இன்ஜினும், அதே கம்பெனியின் வான்கார்டு காரில் இருந்த இன்ஜினும் ஒரே குடும்பம். காரிலும் 85-க்கு 92, 2088 சி.சி. ஈர லைனர், மூன்று மெயின் பேரிங். பிற்பாடு இதே குடும்பம் 83 மில்லிமீட்டர் போரில் டிரையம்ப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரிலும் போனது. சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. யூனியன் கம்பெனியும் இங்கிலாந்து ஸ்டாண்டர்டும் சேர்ந்து 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1950-களின் தொடக்கத்தில் சென்னையில் வான்கார்டு கார்களைப் பூட்டிக் கொடுத்தது. பிற்காலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓட்டியவர்களுக்கு வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை நினைவிருக்கும்.

ஆகவே புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் ஃபெர்குசன் என்று கேட்டபோது உதட்டைப் பிதுக்கியவர்கள், வான்கார்டு என்றதும் நிமிர்ந்தார்கள். ஒரு கடையில் இருந்த வயதானவர், "வான்கார்டா? அப்பா காலத்துச் சரக்கு தம்பி, மேல கிடக்கும், நாளைக்கு வாங்க" என்றார். அவர் கொடுத்த டப்பாவில் வால்வு கைடும் ஒரு செட் லைனர் அடி கேஸ்கெட்டும் இருந்தன, மெழுகுத் தாள் பிரிக்காமல்.

ஒரே குடும்பம் என்பதால் எல்லாம் பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபெர்குசனுக்கு சேஸிஸ் கிடையாது. முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை பாரத்தைத் தாங்குவது இன்ஜினும் கியர்பாக்ஸும்தான். அதனால் டிராக்டரின் ஆயில் சேம்பர் கனமான வார்ப்பு. காரில் இருப்பது தகரம். இன்ஜின் வேகத்தை ஒரே அளவில் வைக்கும் கவர்னர் டிராக்டருக்கு மட்டும். டிராக்டரில் பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கும், பம்ப் தேவையில்லை. கேம் ஷாஃப்டும் வேறு வேலைக்கு அமைந்தது. லைனர், பேரிங், வால்வுச் சாமான் இவற்றில்தான் ஒற்றுமையைத் தேட வேண்டும், அதையும் வெர்னியர் வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

இறுகிய இன்ஜினைப் பார்த்ததும் சுத்தியலை எடுக்கத் தோன்றும். ஈர லைனர் இன்ஜினில் அது தேவையே இல்லை. பிஸ்டன் லைனரில் துருப்பிடித்து ஒட்டியிருந்தால், கனெக்டிங் ராடைக் கீழே அவிழ்த்துவிட்டு லைனரோடு சேர்த்து மேலே எடுத்துவிடலாம். பிளாக் தப்பிக்கும். இங்கே நான்கில் இரண்டு அப்படித்தான் வந்தன. லைனரும் பிஸ்டனும் புதிய செட்டாகவே வெளியில் கிடைக்கின்றன, டி.ஆர். கார்க்காரர்களின் புண்ணியத்தில். ஆர்டர் போடும்போது போர் அளவோடு, பெட்ரோல் வண்டிக்கா மண்ணெண்ணெய் வண்டிக்கா என்பதையும் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் இன்ஜினில் கம்ப்ரெஷன் குறைவு.

இந்த இன்ஜினின் ரகசியம் லைனருக்கு அடியில் வரும் '8' வடிவ கேஸ்கெட்டில் இருக்கிறது. இரண்டு லைனருக்கு ஒன்று, இன்ஜினுக்கு இரண்டு. அதைப் போட்டு லைனரை இறக்கிய பிறகு, லைனரின் தலை பிளாக்கின் மட்டத்துக்கு மேல் 0.003 முதல் 0.005 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் ஹெட் கேஸ்கெட் லைனரை அழுத்தாது. தண்ணீர் ஆயிலுக்குள் போகும். ஒரு லைனர் உயர்ந்து பக்கத்து லைனர் தாழ்ந்திருந்தாலும் அதே கதி. எழுபது வருடத் தண்ணீர் அரித்த பிளாக்கில், லைனர் உட்காரும் படியைச் சுரண்டிச் சுத்தம் செய்வதில்தான் இன்ஜின் வேலையின் பெரும் பகுதி போனது. டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

மண்ணெண்ணெயில் ஓட்டுவதா, பெட்ரோலிலா என்று ஒரு விவாதம் நடந்தது. இங்கிலாந்தில் டிராக்டர் ஆயில் விற்பனையே 1974-இல் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் முழுக்க எரியாமல் சிலிண்டர் வழியே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். அதற்காகவே அந்தக் காலத்தில் ஆயிலை அடிக்கடி மாற்றுவார்கள். எனவே பெட்ரோல் என்று முடிவானது. இரண்டு அறை டேங்கையும் ஆவி மேனிஃபோல்டையும் கழற்றவில்லை. குறைந்த கம்ப்ரெஷனில் பெட்ரோல் ஊற்றினால் இழுவை கொஞ்சம் குறையும், இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. இழுவைதான் பெரிது என்று வாதிட்டவருக்கு ஒரு பதில் இருந்தது: எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தை அடைந்தது, முப்பது குதிரைத் திறனைக்கூடத் தொடாத பெட்ரோல் ஃபெர்குசன்களில்தான். ஆலைக்குள் பொதி இழுக்க அது போதும்.

செய்தவன் பெயர் அதன் மேலேயே இருக்கிறது

டிராக்டர் கம்பெனிகள் எல்லாச் சாமானையும் தாங்களே செய்வதில்லை. செல்ஃப், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் லூகாஸ். கார்புரேட்டர் ஜெனித். கிளட்ச் ஒன்பது அங்குல ஒற்றைத் தட்டு. டேப்பர் பேரிங்கில் எண் அடித்திருக்கும். அந்த எண்ணுக்கு டிராக்டர் என்றோ லாரி என்றோ பேதம் கிடையாது. எண்ணைக் குறித்துக்கொண்டு பேரிங் கடைக்குப் போனால் போதும். ஆயில் சீலுக்கு உள், வெளி, உயரம் என மூன்று அளவு. மில்லிமீட்டர் சீல்தான் கடையில் குவிந்திருக்கும், இந்த வண்டிக்கு அங்குல சீல். "கிட்டத்தட்டச் சரியா இருக்கு" என்று மில்லிமீட்டர் சீலை அடித்து இறக்கினால் ஒரு மாதத்தில் ஒழுகும்.

லூகாஸ் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். 1961-இல் சென்னையில் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கியது முதல் இந்திய கார், லாரி, டிராக்டர்களில் அந்த வம்சத்துச் சாமான்களே ஓடின. பிரஷ், புஷ், பாயிண்ட், கண்டன்சர் என்று தேய்கிற சாமான்களுக்குப் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளில் ஒப்பானவை உண்டு. டைனமோ காயிலைச் சுற்றித்தர கோவையில் ஆளுக்குப் பஞ்சமா? மோட்டார் ஊர் அது. பேட்டரி மாட்டும்போது ஒன்று கவனிக்க வேண்டும். இந்த வண்டிக்கு பாசிட்டிவ் எர்த். நம் எலக்ட்ரீஷியன் பழக்க தோஷத்தில் நெகட்டிவை பாடியில் கட்டிவிடுவார். எந்தப் பக்கம் வேண்டும் என்று முடிவு செய்து, டைனமோவின் துருவத்தை அதற்கேற்ப அமைத்துவிட்டு (போலரைஸ் செய்வது என்பார்கள்), டேஷ்போர்டில் எழுதியும் வைத்தோம்.

மரை விஷயம் கொஞ்சம் சிக்கல். வண்டியின் போல்ட்டுகள் பெரும்பாலும் அமெரிக்க மரை. லூகாஸ் சாமான்களில் இருக்கும் குட்டி ஸ்க்ரூக்கள் ஆங்கிலேய பி.ஏ. மரை. நம் கடைகளில் கிடைப்பது மெட்ரிக். மரை அளவியை வைத்துப் பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட இறுக்கக்கூடாது என்று பட்டறையில் சட்டம் போட்டோம். கழற்றிய போல்ட்டைக் கழுவி அதே துளையில் திருப்பி வைப்பதுதான் மலிவான வழி. ஃபெர்குசன் கூடவே கொடுத்த ஸ்பேனர் ஒன்று உண்டு: வண்டியின் பெரும்பாலான நட்டுகளுக்கு அது ஒன்றே போதும், உடம்பில் அங்குலக் கோடுகளும் இருக்கும், அளக்கவும் உதவும். அது கிடைத்தால் விடாதீர்கள்.

ஹைட்ராலிக் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. உழவு வண்டியில் உள்ளதுதான், ரிப்பேர் கிட்டும் எளிதில் கிடைக்கிறது. கருவிகளைச் சுழற்றப் பின்னால் வரும் பி.டி.ஓ. ஷாஃப்ட் 1⅛ அங்குலம். இன்றைய கருவிகளுக்கு 1⅜. எதையாவது மாட்ட நினைத்தால் நடுவில் அடாப்டர் வேண்டும்.

இந்தக் கட்டத்தில் கேட்காமலே வந்த யோசனை: "டாஃபே சாமானைப் போட்டா போச்சு." டாஃபே 1961-இல் சென்னையில் செய்யத் தொடங்கியது மாஸி ஃபெர்குசன் 35 வம்சம். அந்த 35, 1956-இல் டி.இ.-20-க்குப் பதிலாக வந்த புது வடிவமைப்பு. டி.இ.-20-இல் நான்கு முன் கியர், ஒரு ரிவர்ஸ். 35-இல் ஆறும் இரண்டும். அண்ணன் தம்பி ஜாடை இருப்பது உண்மை. இணைப்புப் பந்து, லிஞ்ச் பின், டிராபார் போன்ற பொது அளவுச் சாமான்கள் பொருந்தும். கியர்பாக்ஸுக்குள் அந்த யோசனையைக் கொண்டுபோனால் வார்ப்பை அறுத்து வெல்டிங் வைக்கிற இடத்தில் போய் நிற்கும். அப்படி அறுத்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அவற்றுக்கு எந்த வம்சத்துச் சாமானும் சேராது.

எங்கும் கிடைக்காதவை

இனி ஆலை வண்டிக்கே உரிய சாமான்கள். முன் பம்பர், முன் மட்கார்டு, கால் ஆக்சிலரேட்டரின் கம்பித் தொகுதி, கை பிரேக்கின் பல் தகடு, பிரேக் குறுக்கு ஷாஃப்டின் வலப்பக்கம். உலகத்தில் எந்த விற்பனைப் பட்டியலிலும் இவை புதிதாக இல்லை. பழையது எப்போதாவது ஏலத்துக்கு வரும். அதுவும் முழு வண்டியாக. பம்பரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் இரும்பின் விலையை விடக் கப்பல் கூலி அதிகம். எடை குறைந்ததை அங்கே வாங்கு, கனத்ததை இங்கே செய் என்பதுதான் கணக்கு.

செய்வதற்கு அளவு வேண்டும். இடப்பக்கம் இருந்ததால் வலப்பக்கத்தைக் கண்ணாடி பிம்பமாகச் செய்துவிடலாம் என்று தோன்றியது. பார்ட்ஸ் லிஸ்டின் படம் அதைத் தடுத்தது: இரண்டு பக்கத்துக்கும் எண் வேறு, லீவரின் வளைவும் வேறு. இங்கிலாந்தில் இதே வகை வண்டி வைத்திருக்கும் ஒருவர் உதவினார். அவர் முதலில் அனுப்பிய போட்டோக்கள் அழகாக இருந்தன, அளவெடுக்க உதவவில்லை. கேமரா அருகில் போனால் சாமான் கோணலாகும். பிறகு பக்கத்தில் ஸ்கேலை வைத்து, தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுக்கச் சொன்னோம். துளைகளுக்கு அதுவும் போதவில்லை. பிராக்கெட்டின் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து, அந்தக் காகிதத்தையே தபாலில் அனுப்பினார். ஸ்கேன் செய்து அனுப்பினால் பிரிண்டர் அளவை மாற்றிவிடும். தேய்த்த காகிதம் பொய் சொல்லாது.

காகிதத்தை எங்கள் வண்டியின் வார்ப்பில் இருந்த துளைகளின் மேல் வைத்தபோது பொருந்தியது. இது தொழிற்சாலை ஆலை வண்டிதான் என்பதற்கு, மரைக்குள் இருந்த பெயின்ட்டை விட இது வலுவான சான்று.

எதை வார்ப்பது, எதைக் கடைவது என்று பிரித்ததில் கறாராக இருந்தோம். பல் தகட்டைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு அழுத்தம் மட்டும்தான். இரும்பு வார்ப்பு போதும். லீவருக்கு வளைக்கிற விசை வரும். அதை வார்ப்பிரும்பில் செய்யவே கூடாது. தடித்த எஃகுத் தகட்டில் வெட்டி, கடைந்து, வளைவைச் சூடாக்கி எடுத்தோம். பார்வைக்கு வார்ப்பு மாதிரி இல்லையே என்று உரிமையாளருக்கு ஆதங்கம். பிரேக் லீவர் ஒடிந்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும் என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்.

கோவையில் கணபதிப் பக்கம் ஒரு சின்ன ஃபவுண்டரியில் வார்ப்பு. இருந்த பிராக்கெட்டையே மணலில் அமுக்கி அச்செடுக்கலாம் என்றார் மோல்டர். இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். 300 மில்லிமீட்டர் நீளச் சாமான் 3 மில்லிமீட்டர் குறைந்துவிடும். துளைகள் எங்கேயோ போய் நிற்கும். எனவே சுருக்கத்துக்கும், கடைசலில் கழியப்போகிற பகுதிக்கும் சேர்த்துக் கூட்டி, மரத்தில் புது பேட்டர்ன் செய்யப்பட்டது. துளைகளை வார்ப்பில் விடாமல், காகித அச்சை வைத்து மெஷினில் போட்டோம்.

பிரேக் ஷூ லைனிங் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் காற்றால் ஊதுவது நம் பட்டறைகளின் வழக்கம். கூடாது. ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். புது லைனிங்கை ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததாகக் கேட்டு வாங்கி ரிவெட் அடித்தோம்.

மட்கார்டை கரூரில் பஸ் பாடி கட்டிப் பழகிய ஒரு டிங்கர் செய்து கொடுத்தார். போட்டோவைப் பார்த்ததுமே வளைவின் ஆரத்தைச் சொன்னார், அட்டையில் வெட்டி வண்டியில் வைத்துக் காட்டினார், அப்புறம்தான் தகட்டைத் தொட்டார். கால் ஆக்சிலரேட்டர் பட்டைக் கம்பி வேலைதான். ஆனால் மிதியை விட்டதும் கை லீவர் வைத்த வேகத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த ஸ்பிரிங்கின் விறைப்பு எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாற்றி மாற்றி மாட்டி, காலுக்கு ஒத்து வந்ததை வைத்துக்கொண்டோம்.

எண் தகட்டுக்கு மட்டும் மாற்றுச் சாமான் தாராளமாகக் கிடைக்கிறது. புதிதாக அச்சடித்த தகடுகள் விற்கிறார்கள். எந்த எண்ணை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். உரிமையாளர் ஒன்றை வாங்கியும் வந்தார். எண் தெரியாத வண்டிக்கு எண் அடிப்பது ஆவணத்தைப் போலியாக்குவது என்பது என் கருத்து. பிற்காலத்தில் வாங்குபவர் அந்த எண்ணை வைத்துத்தானே பார்ட்ஸ் லிஸ்டைப் புரட்டுவார்? தகட்டை எண் இல்லாமலேயே மாட்டினோம். செல்ஃபிலும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் படித்த தேதிகள், போர் அளவு, புதிதாகச் செய்த ஒவ்வொரு சாமானின் வரைபடம், எது அசல் எது நாங்கள் செய்தது என்ற பட்டியல் எல்லாம் ஒரு கோப்பில் வண்டியோடு போயின. மரப் பேட்டர்ன் ஃபவுண்டரியில் இருக்கிறது. தேய்த்த காகிதத்தின் பிரதி ஒன்று, அதை அனுப்பியவருக்கே, எங்கள் அளவுகளும் சேர்த்துத் திரும்பிப் போனது.

இன்னும் கிடைக்காதவை இரண்டு: முன் விளக்குகளைத் தாங்கும் பிராக்கெட், அசல் ஹாரன் பட்டன். தற்காலிகமாகப் பொது மாதிரி விளக்கு மாட்டியிருக்கிறது. அந்த பிராக்கெட் மாட்ட வேண்டிய துளைகளின் இடைவெளி எங்கள் வண்டியில் 2⅜ அங்குலம்.